இப்னு கல்தூனும் மாந்தர் நிறமும்

மாந்தர் பல நிறத்தவராய் இருப்பது ஏன்? கேட்பதற்கு எளிய இவ்வினாவுக்கு வரலாறு பல விடைகளைத் தந்திருக்கின்றது. அவற்றுட் சில, உண்மையைத் தேடியவர்களின் விடைகள். சில, அடிமைச் சங்கிலிக்கு நியாயம் தேடியவர்களின் விடைகள். எந்த விடை எவர் கையில் அகப்பட்டது என்பதைப் பொறுத்து, பிறந்த குழந்தைக்கு விலை குறிக்கப்பட்ட காலங்கள் உண்டு. ஆதலின் இதனை உடற்கூற்று ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய பொருள் என ஒதுக்கிவிட இயலாது. நம் வீடுகளில் மணப்பேச்சு தொடங்கும்போது, பெண்ணின் குணத்தையும் கல்வியையும் விசாரிக்குமுன்னரே ‘நிறம் எப்படி?’ என்று கேட்கின்றோம் அல்லவா? அக்கேள்விக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் கணிசமான பகுதி அரபு மொழியில் எழுதப்பட்டது. நாம் பெருமைகொள்ளத்தக்க பக்கங்களும் நாணத்தக்க பக்கங்களும் அதில் கலந்தே கிடக்கின்றன. இருவகைப் பக்கங்களையும் ஒளிக்காமல் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாபக் கதை

நூஹ் (அலை) அவர்களின் மக்கள் ஸாம், ஹாம், யாஃபித் ஆகிய மூவர் வழியாகவே பிரளயத்தின் பின் உலகம் பெருகிற்று என்பது பண்டைய வமிசாவளி எழுத்தாளர்களின் கொள்கை. ஸாமின் வழியினர் அரபியர் முதலானோர், யாஃபித்தின் வழியினர் துருக்கியர் முதலானோர், ஹாமின் வழியினர் ஆப்பிரிக்கர் என்று அவர்கள் உலகைப் பங்கிட்டனர். இப்பங்கீட்டோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது. ஹாம் வெண்ணிறமும் அழகும் வாய்ந்தவராக இருந்தார். தந்தையின் சாபத்தால் அவருடைய நிறமும் அவருடைய சந்ததியின் நிறமும் கறுத்துப்போயின என்பது அக்கதை. வஹ்பு இப்னு முனப்பிஹ் பெயரால் வரும் இச்செய்தியை இப்னு குதைபா (கி.பி. 828–889) தம்முடைய ‘கிதாபுல் மஆரிஃப்’ என்னும் நூலிற் பதிந்துள்ளார்.

இக்கதைக்கு ஆதாரம் எங்கே? குர்ஆனில் ஹாம் என்னும் பெயரே இடம்பெறவில்லை. இன்று வழக்கிலுள்ள தவ்ராத்தின் ஆதியாகமத்தில் ஒரு சாபம் சொல்லப்படுகின்றது. அது ஹாமின் மகன் கன்ஆன் அடிமையாவான் என்னும் சாபம். நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கறுப்புச் சாயம் பிற்காலத்தார் வாய்மொழியிற் பூசப்பட்டது. ‘இஸ்ராயீலிய்யாத்’ என நம் அறிஞர்கள் வகைப்படுத்தும் செவிவழிச் செய்திகளோடு சேர்த்தே இதனை எண்ணவேண்டும்.

இதற்கு மாறான நோக்கு நம் மூலநூல்களிலேயே அமைந்திருப்பது கருதத்தக்கது. அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம், மொழிகளின் வேற்றுமையையும் நிறங்களின் வேற்றுமையையும் வான் புவியின் படைப்போடு ஒரே வரிசையில் வைத்து, அறிவுடையோர்க்குரிய அத்தாட்சிகளாக எண்ணுகின்றது. ஆதம் (அலை) அவர்கள் பூமியின் எல்லாப் பகுதிகளினின்றும் அள்ளப்பட்ட மண்ணாற் படைக்கப்பட்டமையால், அவர்தம் மக்கள் அவ்வம்மண்ணின் நிறங்களில் தோன்றினர் என்னும் கருத்துடைய ஹதீஸை அபூதாவூதும் திர்மிதியும் பதிந்துள்ளனர். நிறத்தை மண்ணோடு சேர்த்துப் பார்ப்பது ஒரு வழி. பாவத்தோடு சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி. முஸ்லிம் உலகின் அறிவு வரலாற்றில் இவ்விரு வழிகளும் நெடுங்காலம் அருகருகே ஓடின.

கருங்கல் நிலத்தின் சாட்சி

மண்ணின் வழியைத் துணிந்து எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் பஸரா நகரத்து அல்ஜாஹிழ். ஏழு பாகங்களாலான ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் விலங்கு நூலை ஆக்கிய இப்பேரறிஞர், ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868–869) மறைந்தார். இவருடைய பாட்டனார் கறுப்பு நிற ஒட்டகக்காரர் எனச் சரிதை நூல்கள் கூறும். வெள்ளையர்க்கு எதிரே கறுப்பர்தம் பெருமையை நிலைநாட்டும் வகையில் இவர் தனி நூல் ஒன்றே யாத்தார். அதில் இவர் காட்டும் சாட்சி சுவையானது.

ஹிஜாஸ் பகுதியில் பனூ ஸுலைம் குலத்தாரின் ‘ஹர்ரா’ என்னும் கருங்கல் நிலம் உண்டு. எரிமலைக் குழம்பு உறைந்து பரந்த வெளி அது. அங்கு வாழும் மான், தீக்கோழி, நரி, ஆடு, கழுதை, பூச்சி, பறவை யாவும் கருமை கொண்டுள்ளன என்றும், அங்குக் குடியேறிய மனிதரும் அந்நிறமே பெற்றனர் என்றும் அல்ஜாஹிழ் எழுதுகின்றார். இறைவன் எவரையும் இழிவுபடுத்தக் கறுப்பாக்கவில்லை, நிலமே அவ்வாறு ஆக்கிற்று என்பது அவர்தம் முடிபு.

இதனைக் கற்பனை எனத் தள்ளிவிடுவதற்கில்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில், கரிய எரிமலைப் பாறைமேல் வாழும் ஒருவகைச் சிற்றெலிகள் கருநிறமாகவும், அருகிலுள்ள வெளிறிய பாறைமேல் வாழும் அதே இன எலிகள் மணல் நிறமாகவும் இருப்பதை ஆராய்ந்தோர், அவ்வேற்றுமையைத் தோற்றுவிக்கும் மரபணுவை 2003ஆம் ஆண்டில் இனங்கண்டு வெளியிட்டனர். கரும்பாறையில் வெளிறிய எலி ஆந்தையின் கண்ணுக்கு எளிதில் அகப்படும். கருத்த எலி தப்பிப் பெருகும். அல்ஜாஹிழ் ஆந்தையையும் மரபணுவையும் அறியார். ஆயினும் நிலமும் உயிரின் நிறமும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்.

அவருக்குப் பின், பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), (இறப்பு ஹிஜ்ரி 597, கி.பி. 1201) ‘தன்வீருல் கபஷ்’ என்னும் நூலை அபிஸீனியர், கறுப்பர் ஆகியோரின் சிறப்பைக் கூறவே எழுதினார். நூஹ் நபியின் சாபத்தால் நிறம் கறுத்தது என்னும் செய்தி நிலைபெறாதது என அதில் அவர் மறுத்துள்ளார். ஹதீஸ் கலை வல்லுநரான அவர் அறிவிப்பின் வழியிலேயே அக்கதையை எடைபோட்டு ஒதுக்கியமை நோக்கற்பாலது.

முகத்திமாவின் விடை

கி.பி. 1332இல் தூனிஸ் நகரிற் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்), இளமையிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தவர். அரசவைகளின் சூழ்ச்சிகளில் உழன்று சலித்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கி வாழ்ந்தபோது, கி.பி. 1377இல் ‘முகத்திமா’வின் முதல் வடிவத்தை ஐந்தே மாதங்களில் எழுதி முடித்தார். அந்நூலின் முதற்பகுதியிலுள்ள மூன்றாவது முன்னுரை நம் பொருளுக்கு உரியது.

கிரேக்கப் பேரறிஞர் தாலமியின் வழிவந்த அரபுப் புவியியலார், மக்கள் வாழும் உலகைத் தெற்கிலிருந்து வடக்காக ஏழு ‘இக்லீம்’களாகப் பிரித்தனர். சிசிலித் தீவின் அரசவையில் 1154இல் தம் பெருநூலை முடித்த அல்இத்ரீஸீயைப் பின்பற்றியே இப்னு கல்தூனும் இப்பிரிவை மேற்கொண்டார். முதல் இக்லீமில் வெப்பம் மிகுதி. ஏழாவதில் குளிர் மிகுதி. நடுவிலுள்ள நான்காவது மிதமானது. வெயில் தலைக்கு நேராக நெடுநாள் காயும் தெற்கில் தோல் கறுக்கின்றது. கதிர் சாய்ந்தே விழும் வடக்கில் தோல் வெளுக்கின்றது. தெற்கத்தியர் வடக்கே குடியேறினால் அவர்தம் வழித்தோன்றல்கள் காலப்போக்கில் வெளுப்பர். வடக்கத்தியர் தெற்கே சென்றால் கறுப்பர். இதுவே அவர் தந்த விடை. மருத்துவப் பேராசான் இப்னு ஸீனாவின் செய்யுள் ஒன்றையும் இதற்குத் துணையாக அவர் காட்டுகின்றார்.

பின்னர் சாபக் கதையை எடுத்துக்கொண்டு, உயிர்களின் இயல்பை அறியாத வமிசாவளிக்காரர்களின் பிழை என அதனைத் தள்ளுகின்றார். தவ்ராத்திலுள்ள சாபம் அடிமைத்தனத்தைக் குறித்ததே, அதில் நிறம் பேசப்படவில்லை என்பதையும் எடுத்துக்காட்டுகின்றார். ஒரு கதையை மறுக்கும்போது அதன் மூலத்தையே திறந்து பார்த்துப் பேசும் இம்முறை, ஆராய்ச்சி மாணவர் யாவர்க்கும் பாடமாகும்.

அதே இடத்தில் அவர் செய்யும் இன்னொரு குறிப்பு நுட்பமானது. தெற்கத்தியரை ஹபஷ், ஸன்ஜ், ஸூதான் என்று அழைக்கின்றோம். கறுப்பைக் குறிக்கும் சொல்லே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. வடக்கத்தியரை மட்டும் நிறத்தால் அழைப்பதில்லை. ஏன்? பெயர் வைத்தவர்களே வெண்ணிறத்தார். தம் நிறம் அவர்கள் கண்ணுக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. எனவே அதற்குப் பெயரிடவில்லை என்கின்றார். சொல்லை ஆள்வோர் தம்மை அளவுகோலாக வைத்துப் பிறரை அளக்கின்றனர் என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது. இக்குறிப்பை நம் மொழிக்கும் பொருத்திப் பார்க்கலாம். அரபியர் வெளிறிய நிறத்தாரை ‘அஹ்மர்’, அதாவது சிவந்தவர், என்றனர். நாமும் வெளிறிய பெண்ணைச் ‘சிவப்பு’ என்கின்றோம். சற்றுக் கறுத்தால் ‘மாநிறம்’. இன்னும் கறுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றோம்.

மேதையின் சறுக்கல்

இத்துணைத் தெளிவோடு சாபத்தை ஒழித்த இப்னு கல்தூன், அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டார் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். காரணத்தை வானிலையில் கண்டவர், தரத்தையும் வானிலையிலேயே வைத்தார். மிதமான நடு இக்லீம்களில் வாழ்வோரே உடலாலும் குணத்தாலும் கலையாலும் நிறைவுடையோர் என்றார். முதல் இக்லீமின் கறுப்பரையும் ஏழாவது இக்லீமின் வெள்ளை ஸ்லாவியரையும் விலங்குக்கு அருகில் வைத்துப் பேசினார். மாலி, தக்ரூர் போன்ற முஸ்லிம் நாட்டாரையும் கிறித்தவ அபிஸீனியரையும் விதிவிலக்காகவே கொண்டார். கறுப்பர் மூளை வலுவற்றது என்று காலனின் பெயரால் மஸ்ஊதீ எழுதியதை, ஆதாரமற்றது என மறுத்தவரும் இவரே. ஆனால் அவர்தம் குணத்தை வெப்பத்தின் விளைவு என்று கூறியதன்றி, குணத்தைப் பற்றிய அப்பொதுக்கூற்றையே இவர் சந்தேகிக்கவில்லை.

நடு இக்லீமில் எந்த நாடுகள் இருந்தன? அவர் பிறந்து வளர்ந்த மக்ரிபும், அவர் மூதாதையர் வாழ்ந்த அந்தலுஸும், சிரியாவும், இராக்கும். தாம் நின்ற இடத்தையே உலகின் நடு எனக் கொண்டார். வடக்கத்தியர் தம் நிறத்துக்குப் பெயரிடாததன் காரணத்தைக் கண்டுபிடித்த அதே கூர்மதி, தாம் வரைந்த படத்தில் தாமே நடுவில் நிற்பதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆயினும் அவருடைய நூல் நன்மை செய்தது. அவர் மறைந்து இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, ஆப்பிரிக்காவின் திம்புக்து நகரத்துப் பேரறிஞர் அஹ்மத் பாபா (1556–1627) முன்னிலையில் ஒரு கேள்வி வந்தது. மொரோக்கோ நாட்டுப் படை 1591இல் அந்நாட்டை வென்றபின் கைதியாக மர்ராகிஷுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பல்லாண்டு கழித்துத் தாயகம் மீண்டவர் இவர். தூவாத் பாலைப்பகுதி மக்கள், சந்தைக்கு வரும் கறுப்பு மக்களை அடிமையாக வாங்கலாமா, ஹாமின் சாபம் அதற்கு நியாயமாகுமா எனக் கேட்டனர். அவர் 1615இல் எழுதிய ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ என்னும் மறுமொழியில் இப்னு கல்தூனை எடுத்துக்காட்டிச் சாபக் கதையை மறுத்தார். நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது, சுதந்திரமான முஸ்லிமை எந்நிறத்தவராயினும் விற்றல் ஹராம் என்று தீர்ப்பளித்தார். அடிமை முறையையே அவர் ஒழித்துவிடவில்லை. ஆயினும் தோலைப் பார்த்து மனிதனை விற்கும் வழியை மார்க்கத்தின் பெயரால் அடைத்தார். கோட்டையில் ஒதுங்கியிருந்து எழுதப்பட்ட சில பக்கங்கள் பாலைவனச் சந்தையில் எவரோ சிலரின் கழுத்தைக் காக்க எடுத்தாளப்பட்டன என்றால், எழுத்தின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

ஐரோப்பாவின் தராசு

பின்னர் ஆராய்ச்சியின் மையம் ஐரோப்பாவுக்கு மாறிற்று; தராசு மட்டும் மாறவில்லை. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பில் மனிதனையும் குரங்கினங்களையும் ஒரே வரிசையில் வைத்து அதற்கு ‘பிரைமேட்’ எனப் பெயரிட்டார். அதே நூலில் மனிதரை நிறத்தால் நால்வகையாக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணத்தையும் எழுதினார். நற்குணங்கள் ஐரோப்பியர் பங்கில் விழுந்தன. ஜெர்மனியின் புளூமன்பாக், மனிதகுலம் ஒன்றே என வாதித்த நல்லறிஞர். அவரும் 1795இல் ஐவகை மாந்தரை வகுத்தபோது, ஜார்ஜிய நாட்டுப் பெண் ஒருத்தியின் மண்டையோட்டின் அழகில் மயங்கி, ‘காகஸியர்’ எனத் தாம் பெயரிட்ட வெள்ளையரையே நடுவில் வைத்தார். கிழக்கிலும் மேற்கிலும் படம் வரைந்தவர்கள் தம்மையே நடுவில் வரைந்துகொண்டனர். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ, 19ஆம் நூற்றாண்டிலும் அடிமை முறைக்குப் பரிந்துபேசிய போதகர்கள் அதே ஹாமின் சாபத்தை மேடைதோறும் முழங்கினர். திம்புக்துவில் 1615இலேயே மறுக்கப்பட்ட கதை அது!

குரங்கினங்களின் பாடம்

லின்னேயஸ் ஒரே வரிசையில் வைத்த உயிர்களைச் சற்று நோக்குவோம். மனிதத் தோற்றம் குறித்த அகீதாவின் வாதங்களை நாம் இங்கே எழுப்பவில்லை. அவற்றுக்குரிய இடம் வேறு. இப்னு கல்தூனும் ஆறாவது முன்னுரையில் கனிமம், தாவரம், விலங்கு என ஏறிச்செல்லும் படைப்பின் படிகளைக் கூறி, விலங்குலகின் உச்சியில் கூர்மையும் புலனறிவும் உடைய குரங்குகளின் உலகையும், அதற்கு மேல் சிந்திக்கும் மனிதனையும் வைத்துள்ளார். அச்சுப் பதிப்புகள் சிலவற்றில் ‘கிரதா’ (குரங்குகள்) என்னும் சொல் எழுத்து இடம்மாறி ‘குத்ரா’ (ஆற்றல்) ஆகிவிட்டமையால், பலர் இவ்விடத்தைப் பொருள் விளங்காமலே கடந்து செல்கின்றனர்.

இன்று கணக்கிடப்பட்டுள்ள குரங்கினங்கள், தேவாங்கு முதல் கொரில்லா வரை, 500க்கும் மேற்பட்டவை. அவற்றின் நிறமும் நிலத்தைப் பேசுகின்றது. ஈரமும் வெப்பமும் மிக்க நாட்டு உயிர்கள் கருநிறம் கொள்ளும் என்று குளோகர் என்னும் ஜெர்மானியர் 1833இல் பறவைகளைக் கொண்டு ஒரு விதி கூறினார். குரங்கினங்களின் உரோம நிறமும் பெரும்பாலும் அவ்விதிக்கு இசைவதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழும் சிங்கவால் குரங்கும், நீலகிரி முதலிய மலைகளின் கருமந்தியும் கருநிறத்தன. வறண்ட சமவெளியிலே திரியும் நாட்டுக் குரங்கோ பழுப்பும் சாம்பலும் கலந்தது.

மனிதனுக்கு நெருங்கிய உடலமைப்புடைய சிம்பன்சியின் கரிய உரோமத்தை விலக்கிப் பார்த்தால் உள்ளே தோல் வெளிறியிருக்கும். உரோமமே அதற்குக் குடை. மனிதனுக்கு அக்குடை இல்லை. அவன் உடம்பில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உச்சி வெயிலிலும் நெடுந்தொலைவு நடக்க அவை உதவுகின்றன. ஆனால் திறந்த தோலுக்கு வேறொரு குடை வேண்டும். அக்குடையே ‘மெலனின்’ என்னும் கருநிறப் பொருள். ஆதலின் கறுப்பு, மனிதத் தோலின்மேல் பின்னர் விழுந்த கறையன்று. மிக முந்திய போர்வை. வெளுப்பே பிந்தியது.

சூரியனின் கணக்கு

மெலனினை உண்டாக்கும் உயிரணுக்கள் எல்லா மனிதரிடத்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் உள்ளன. கறுத்தவரிடம் அவை ஆக்கும் நிறத்துகள்கள் பெரியவை, மிகுதியானவை. வெளுத்தவரிடம் சிறியவை, குறைவானவை. வேற்றுமை அவ்வளவே. இவ்வேற்றுமை ஏன் புவியின் நடுக்கோட்டைச் சார்ந்து அமைந்தது? ஜப்லான்ஸ்கி, சாப்ளின் என்னும் இரு ஆய்வாளர்கள், விண்கோள்கள் அளந்த புற ஊதாக் கதிரின் அளவையும் மக்களின் தோல் நிறத்தையும் பொருத்திப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது.

புற ஊதாக் கதிர், இரத்தத்திலுள்ள ‘போலேட்’ என்னும் வைட்டமினை அழிக்கும். கருவுற்ற தாய்க்குப் போலேட் குறைந்தால் குழந்தையின் தண்டுவடம் ஊனமுறும். எனவே வெயில் மிக்க நாட்டில் கருந்தோல் காவலாகின்றது. அதே கதிர் தோலிற் பட்டால்தான் எலும்புக்குரிய வைட்டமின் டி உண்டாகும். வெயில் குறைந்த வடநாட்டிலே கருந்தோல் அக்கதிரை மிகவும் தடுத்துவிட, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரும். எனவே அங்கே வெளிறிய தோல் துணையாகின்றது. பிள்ளை பிழைக்கவும் எலும்பு உறுதிப்படவும் சூரியனோடு உடல் செய்துகொண்ட உடன்படிக்கையே நிறம்.

இக்கணக்கு இப்னு கல்தூனின் கூற்றை ஒருபுறம் மெய்ப்பிக்கின்றது, மறுபுறம் திருத்துகின்றது. நிறத்துக்குக் காரணம் வெயிலே என்பது மெய். ஆனால் வெயில் சுட்டதனால் தந்தை கறுத்து, அக்கறுப்பு மகனுக்குச் செல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக, அந்நிலத்துக்கு ஒத்த தோலுடையோரின் பிள்ளைகள் சற்று அதிகமாகப் பிழைத்துப் பெருகுவதால் மாற்றம் நிகழ்கின்றது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். குஜராத்திலும் கர்நாடகத்திலும் பல நூற்றாண்டுகளாக வாழும் ஆப்பிரிக்க வழியினரான ஸித்திகள் நிறம் மாறவில்லை. 1652 முதல் தென்னாப்பிரிக்காவிற் குடியேறிய டச்சுக்காரரின் வழியினரும் கறுத்துவிடவில்லை. வடதுருவத்தை ஒட்டி வாழும் எஸ்கிமோ மக்கள் அக்குளிர்நாட்டுக்கு எதிர்பார்க்கத்தக்க அளவு வெளுக்கவில்லை. வைட்டமின் டி நிறைந்த மீனும் கடல்விலங்கும் அவர்தம் உணவாயின. வெயிலோடு உணவும், குடியேறிய காலத்தின் நீளமும் சேர்ந்தே நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

பழங்கால எலும்புகளும் சாட்சி சொல்ல வந்துவிட்டன. ஸ்பெயின் நாட்டுக் குகையொன்றில் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதனின் மரபணுக்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். அவனுக்குக் கண் நீலம், தோலோ கறுப்பு! ஐரோப்பியரின் வெண்மைக்குப் பெரிதும் காரணமான ஒரு மரபணு வடிவம் 2005இல் கண்டறியப்பட்டது. அதே வடிவம் நம் துணைக்கண்டத்து மக்களிடையேயும் பரவலாக உள்ளது. 2017இல் வெளிவந்த ஆய்வோ, தோலை வெளுப்பிக்கும் மரபணு வடிவங்களும் கறுப்பிக்கும் வடிவங்களும் ஆப்பிரிக்காவிலேயே தொன்றுதொட்டு உடனிருந்தன எனக் காட்டிற்று. தூய வெள்ளை இனம், தூய கறுப்பு இனம் என்னும் பேச்சுக்கு இடமே இல்லாமற் போயிற்று.

நிறத்தை மட்டும் வைத்து மனிதரைப் பிரிப்பதன் பேதைமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. இரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் நோயை அமெரிக்க மருத்துவர்கள் முன்பு ‘நீக்ரோ நோய்’ என்றே எண்ணினர். நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே அவ்வியல்பு இருப்பது 1952இல் அறியப்பட்டது. கீழை அரேபியாவின் கதீஃப், அல்அஹ்ஸாப் பகுதிகளிலும், கிரேக்க நாட்டிலும் அது உண்டு. தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்றவரை மலேரியா எளிதிற் கொல்வதில்லை என அலிசன் என்னும் மருத்துவர் 1954இல் விளக்கினார். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையே நோயுறும். மலேரியாக் கொசு திரிந்த நாடுகளை அது இணைத்தது; தோல் நிறத்தை அது பார்க்கவில்லை.

ஒரே குடும்பம்

மனித வேற்றுமையின் அளவைக் கணக்கிட்ட லெவன்டின் என்னும் அறிஞர் 1972இல் ஒரு முடிவை வெளியிட்டார். மரபு வேற்றுமையில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு, ஒரே மக்கட்கூட்டத்தின் உள்ளேயே காணப்படுகின்றது. அதாவது நம் தெருவில் வாழும் இருவர்க்கிடையே உள்ள வேற்றுமையே பெரிது. நாடு கடந்து இனம் கடந்து கூடும் வேற்றுமை சிறிது. சிம்பன்சிகளை ஆராய்ந்தோர் 2012இல் கண்டதோ வியப்புக்குரியது. ஆப்பிரிக்கக் காட்டில் அருகருகே வாழும் இரு சிம்பன்சிக் கூட்டங்களுக்கிடையே உள்ள மரபு வேற்றுமை, வெவ்வேறு கண்டங்களில் வாழும் மனிதர்க்கிடையே உள்ளதைவிட மிகுதி. காட்டில் வாழும் அவ்வுயிர்கள் ஒன்றையொன்று நிறத்தால் இழிவுபடுத்தியதாக எவரும் எழுதவில்லை. அவற்றைவிட நெருங்கிய உறவினரான நாமே தராசு தூக்கினோம்.

வரலாறு தரும் பாடம் யாது? காரணத்தை அறிவது ஒரு செயல். தரம் பிரிப்பது வேறொரு செயல். முன்னதைச் செய்தவர்களுள் பலர் பின்னதையும் உடனே செய்துவிட்டனர். சாபத்தை ஒழித்த இப்னு கல்தூன் இக்லீமைத் தராசாக்கினார். மனிதகுலம் ஒன்றே என்ற புளூமன்பாக் மண்டையோட்டைத் தராசாக்கினார். அவர்கள் கண்ட காரணங்களை நன்றியோடு ஏற்போம். அவர்கள் பிடித்த தராசைக் கீழே வைப்போம். பெரியோரின் நூலை மதித்தல் என்பது அதன் பிழையையும் வாசித்தறிதலே.

ஹஜ்ஜத்துல் விதாவிலே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிறப் பெருமையை அகற்றி அருளிய அறிவிப்பு நம் மிம்பர்களில் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. கேட்டுத் தலையசைத்துவிட்டு வீடு திரும்பி, மகனுக்குப் பெண் தேடும்போது ‘சிவந்த பெண்தான் வேண்டும்’ என்று தரகரிடம் சொல்லியனுப்புகின்றோம். கறுத்த மகளைப் பெற்ற தாய், கூடுதல் நகைக்கு வழிதேடிக் கண்ணீர் விடுகின்றாள். அப்பெண்ணின் தோலில் எழுதப்பட்டிருப்பது எவருடைய சாபமும் அன்று. எண்ணிறந்த அன்னையர் வெயில் நாட்டிலே தம் பிள்ளைகளை ஊனமின்றிப் பெற்று வளர்த்த வரலாறே அங்கு எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் படிக்கத் தெரிந்த மாமியார், மணமகளின் முகத்தைப் பார்க்குமுன் விளக்கைத் தூண்டிவிடமாட்டார்.